கல்லூரி மாற்றம் மறுக்கப்பட்டால்...



கல்லூரி மாற்றம் கேட்ட விண்ணப்பம் ‘இடமில்லை’ என்ற ஒற்றை வரியோடு உங்கள் வீட்டிற்கும் திரும்பி வந்திருக்கிறதா? காயல்பட்டினத்து வாப்பா ஒருவர் அண்மையில் அத்தகைய கடிதத்தை என்னிடம் நீட்டினார். வளைகுடா வேலை போய் ஊர் திரும்பியவர். திருச்சியில் வணிகவியல் முதலாண்டு முடித்த மகளை ஊருக்கு அருகில் சேர்த்தால் விடுதிச் செலவு மிஞ்சுமே என்பது அவர் கணக்கு. கடிதம் வந்ததும், “படித்தது போதும், வீட்டோடு இருக்கட்டும்” என்று உம்மா முடித்துவிட்டார். மகள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் என்னை உறுத்தியது.

மறுப்பின் காரணத்தை முதலில் கேட்டறியுங்கள். ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் மாணவர் எண்ணிக்கையில் வரம்புண்டு. எவரேனும் விலகினாலன்றி இரண்டாமாண்டில் இடம் கிடைப்பது அரிது. மேலும், திருச்சிக் கல்லூரிகள் பல 1982-இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை; தூத்துக்குடி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் பல 1990-இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. பாடத்திட்டம் வேறுபட்டால், விடுபட்ட தாள்களைத் தனியே எழுத நேரும். பிள்ளையின் தகுதிக்கும் இந்த மறுப்புக்கும் பெரும்பாலும் தொடர்பே இராது.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். இரு கல்லூரிகளின் இசைவும் பல்கலைக்கழக ஒப்புதலும் எழுத்தில் வருமுன் மாற்றுச் சான்றிதழை வாங்காதீர்கள். கோபத்தில் அதை வாங்கிக்கொண்டு, அங்குமின்றி இங்குமின்றி ஓராண்டை இழந்தவர்களை நான் அறிவேன். வகுப்பையும் விட வேண்டாம். வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வெழுதுவதே சிக்கலாகிவிடும்.

செலவுதான் தடையென்றால், அதற்குத் தனியே வழி தேடலாமே! தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறை விடுதிகளில் உணவும் உறைவிடமும் இலவசம். வருமான வரம்பு உண்டு, இடமும் அளவானதே. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள நலத்துறை அலுவலரிடம் கேளுங்கள். எதுவுமே கைகூடாவிட்டால், 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால், பாதி கடந்த படிப்பை விட்டு அங்குச் செல்வதைக் கடைசி வழியாகவே நான் கருதுகிறேன்.

இத்தனையும் பேசிய பிறகே அந்தப் பெண்ணிடம், “உன் விருப்பம் என்னம்மா?” என்று கேட்டோம். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். “இன்னும் இரண்டு வருடம்தானே வாப்பா? முதுகலைக்குப் புதிதாகத்தானே சேர வேண்டும், அதை ஊர்ப்பக்கம் படிக்கிறேன்” என்றாள்.

அரசு விடுதிக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. சென்ற வாரம் வாப்பா அவளைத் திருச்சியில் விட்டுவந்தார். உம்மா ஒரு டப்பா நிறையத் தம்மடை கொடுத்தனுப்பினாராம்.