கோடும் குடித்தனமும்

கட்சிகள் பலவாகப் பிரிந்து மோதினால் ஜனங்களின் அன்றாட வாழ்வு குலைந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். இவ்வச்சத்தை உரைத்துப் பார்க்கக் காரைக்காலைக் காட்டிலும் நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

1739-ல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர், இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போய் மீண்டதை நீக்கினால், 1954 வரையில் பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது. நாற்புறமும் தஞ்சை ஜில்லாவும் கடலும். நடுவில் வேறொரு ராஜாங்கம். வரப்புக்கு இப்பால் ஒரு சட்டம், அப்பால் இன்னொரு சட்டம். ஆயினும் கொள்வினை கொடுப்பினை அற்றுப்போகவில்லை. மாங்கனித் திருவிழாவுக்கு வந்தவர்களை எந்த ராஜ்யத்துக் குடிகள் என்று அம்மையார் கேட்டதாகத் தெரியவில்லை! கோடு பூமியில் இருந்தது; குடித்தனத்தில் இல்லை.

அக்கோட்டை அழித்த விதமும் கவனிக்கத்தக்கது. 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. 1962-ல் உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜைகளாகவே நீடிக்க விரும்பியவர்களுக்கும் அதில் வழி வைக்கப்பட்டிருந்தது. மாற்று அபிப்பிராயத்துக்கு இடம் விட்டதனால் மனக்கசப்புத் தணிந்தது.

பின்னர் மந்திரி சபைகள் கவிழாமல் இல்லை. 1974 மார்ச்சில் புதுவையில் பதவியேற்ற சபை அம்மாதத்திலேயே வீழ்ந்தது. 2021 பிப்ரவரியில் மற்றொன்று, தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில், பெரும்பான்மை இழந்தது. இரு முறையும் ஜனாதிபதி ஆட்சி வந்தது. மந்திரிகள் இல்லையென்று கடைத்தெரு அடைபடவில்லை, நீதிமன்றம் கலையவில்லை. மந்திரிகள் போனாலும் சட்டமும் அதை நடத்தும் உத்தியோகஸ்தர்களும் இருந்தபடியே இருந்தார்கள்.

1979 ஜனவரியில் நிகழ்ந்ததோ வேறு. புதுவைப் பிரதேசத்தை அண்டை ராஜ்யங்களுடன் சேர்த்துவிடும் யோசனையைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டார். புதுவையில் கலவரம் மூண்டது. வேடிக்கையைப் பாருங்கள்: பிளவினால் வராத கலகம், ஒன்று சேர்க்கும் யோசனையினால் வந்தது! கீழூரில் ஜனப் பிரதிநிதிகளைக் கேட்டார்கள். இம்முறை கேளாமலே தங்கள் தலைவிதி எழுதப்படுகிறதென்று ஜனங்கள் கருதினார்கள். பேதம் அன்று, புறக்கணிப்பே நெருப்பு.

இன்றும் காரைக்கால் உழவர் காவிரியின் கடைமடையில்தான் இருக்கிறார். புதுவைக்கு உரியது 7 டி.எம்.சி. நீர் என்ற நடுவர் மன்றத் தீர்ப்பை 2018-ல் உச்ச நீதிமன்றமும் மாற்றவில்லை. அந்நீர் கர்நாடகத்தையும் தமிழ்நாட்டையும் கடந்தே வந்து சேரவேண்டும். இவ்விரு ராஜ்யங்களும் வழக்காடுவதால் அவர் வயல் காய்ந்துவிடாது. தீர்ப்பை மதியோம் என்று ஒருவர் துணியும் நாளில்தான் காயும்.

ஆகவே, தேசத்தில் எத்தனை கட்சிகள் என்று எண்ணிக் கலங்குவதை விடுவோம். தோற்றவனுக்கும் பேச இடம் இருக்கிறதா, தீர்ப்புக்கு மதிப்பு இருக்கிறதா என்ற இரண்டையும் விழிப்புடன் கவனித்து வருவோம்.