சேதத்தை அளப்பவர் எந்தத் தெருவோடு திரும்புகிறார்?

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளம் வடியத் தொடங்கியபோது, நகரத்துக்குள் இரண்டு வகைப் பணியாளர்கள் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டனர். ஒரு வகையினர் காப்பீட்டு நிறுவனங்கள் அனுப்பிய சேத மதிப்பீட்டாளர்கள். உள்ளூரில் இருந்தவர்கள் போதாமையால் பிற நகரங்களிலிருந்தும் அவர்கள் வந்தனர். மற்றொரு வகையினர் பிற மாவட்டங்களின் உள்ளாட்சி அமைப்புகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். மெத்தை, குளிர்பதனப் பெட்டி, மூழ்கிய கார் ஆகியவற்றின் மதிப்பை முன்னவர்கள் படிவத்தில் குறித்தனர். அதே மெத்தைகள் சேறேறித் தெருவில் குவிந்தபோது, கையுறையும் காலணியும் இன்றிப் பலர் அவற்றை அள்ளியதை அன்றைய செய்திப் படங்கள் காட்டின.

மதிப்பீட்டாளரின் வேலை என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64யுஎம் பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகளை உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் பெற்றே தீர்க்க வேண்டும் என்கிறது. உரிமம் வழங்குவது காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். கோரிக்கை வந்த 72 மணி நேரத்துக்குள் மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அவர் வந்து சுவரில் படிந்த நீர்த்தடத்தைப் பார்ப்பார், ரசீதுகளைக் கேட்பார், பொருளின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார், நனைந்த சரக்கில் விற்கக்கூடியது எஞ்சியிருந்தால் அதன் மதிப்பையும் கழிப்பார். உண்மை மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குக் காப்பீடு எடுத்திருந்தால் இழப்பீடும் பெரும்பாலும் அந்த விகிதத்தில் குறையும். அவருக்கான கட்டணத்தை நிறுவனமே தருவதால் அவர் நிறுவனத்தின் பக்கம் சாய்வார் என்னும் குறை நடுத்தர வகுப்பினரிடம் நெடுநாளாக உண்டு. நியாயமான குறைதான். நம் கவலை அதற்கும் முந்தைய இடத்தில் தொடங்குகிறது.

மதிப்பீட்டாளர் ஓர் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார். ஒப்பந்தம் இல்லாத வீட்டின் முன் அவர் நிற்பதற்குக் காரணமே இல்லை. அந்த ஒப்பந்தம் உருவாகப் பட்டாவோ வேறு உரிமை ஆவணமோ வேண்டும், ரசீது வேண்டும், ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் வருமானம் வேண்டும். நிலமும் வீட்டுமனையும் தலைமுறைகளாக மறுக்கப்பட்ட மக்களிடம் இவை இல்லாமற்போனது தற்செயலாக நிகழ்ந்ததன்று. தீக்காப்பீட்டு விதிகள் கூரை வேய்ந்த வீட்டைக் 'கச்சா' என்று தனியே பிரித்து வைத்திருந்தன. கீற்று, புல், மூங்கில், தார்ப்பாய் எல்லாம் அந்த வரையறைக்குள் பெயர் சொல்லியே அடைக்கப்பட்டன. மதிப்பீட்டாளர் தனிப்பட்ட முறையில் சாதி பாராதவராகவே இருக்கலாம். அவர் நடந்துசெல்லும் பாதையைச் சாதி முன்பே வகுத்துவிட்டது. (கிராமங்களில் 'சர்வேயர்' என்றால் நிலம் அளப்பவர் என்றே பொருள். அவரும் பட்டா உள்ளவரைத் தேடித்தான் வருகிறார்.)

சென்னை வெள்ளத்தின் மொத்தப் பொருளாதார இழப்பு 200 கோடி டாலருக்கு மேல் எனவும், அதில் காப்பீட்டின் கீழ் வந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எனவும் ஸ்விஸ் ரீ என்னும் மறுகாப்பீட்டு நிறுவனம் மதிப்பிட்டது. எஞ்சிய மூன்றில் இரு பங்கைப் பற்றிப் பேசும்போது பொருளியலாளர்கள் அதைக் 'காப்பீட்டு இடைவெளி' என்பார்கள். மக்கள் இன்னும் அதிகமாகக் காப்பீடு எடுத்தால் இடைவெளி குறையும் என்பது அவர்களின் தீர்வு. ஆனால் அந்த மொத்தத் தொகைக்குள்ளும் நுழையாத இழப்பு ஒன்று உண்டு. அதைக் காண நாம் நகரத்தை விட்டு டெல்டாவுக்குச் செல்ல வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் பகுதிகளின் தென்னந்தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. புயல் சென்ற வழியில் உள்ள திருவாரூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 34 விழுக்காடு. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 31 விழுக்காட்டுக்கும் மேல் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தமிழகத்தின் சராசரி 20 விழுக்காடு. வேளாண் கூலி உழைப்பின் மீது நிற்கும் நிலப்பகுதி இது.

தமிழக அரசு சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. எக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் இது 1,92,500 ரூபாய். முழுவதும் சேதமடைந்த குடிசைக்கு அறிவிக்கப்பட்டது 10,000 ரூபாய். அரசின் அளவுகோலில் ஒரு குடும்பத்தின் வீடு ஏறத்தாழ ஒன்பது தென்னைகளுக்குச் சமம். தோப்புக்காரருக்குக் கிடைத்தது மிகை என்று நாம் சொல்ல வரவில்லை. காய்க்கும் மரத்தின் வருமானத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம்தான், சிறு உழவர்கள் அதற்காகப் போராடியதும் சரியே. ஆயினும் அவரிடம் எண்ணிக் காட்ட மரம் இருந்தது.

தென்னைக்குத் தனிக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. தென்னை வளர்ச்சி வாரியமும் வேளாண் காப்பீட்டு நிறுவனமும் நடத்தும் அத்திட்டத்தில் 4 முதல் 15 வயது வரையான மரத்துக்கு ஆண்டுக் கட்டணம் 9 ரூபாய், இழப்பீடு 900. 16 முதல் 60 வயது வரை கட்டணம் 14 ரூபாய், இழப்பீடு 1,750. கட்டணத்தில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்கின்றன. குறைந்தது 5 காய்க்கும் மரங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று சென்ட் மனையில் குடிசையோரம் இரண்டு மரங்கள் வைத்திருக்கும் குடும்பம் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது அந்தத் தோப்பில் யார் யார் பிழைத்தார்கள் என்று பார்ப்போம். மரம் ஏறிக் காய் பறிப்பவர், காய் உரிப்பவர், மட்டையைச் சுமப்பவர், கயிற்றுத் தொழிற்கூடத்தில் நாரைக் காயவைப்பவர், ஊறிய மட்டையை வீட்டு வாசலில் போட்டுக் கீற்று முடைபவர், ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டுபவர். இவர்களுள் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். கீற்று முடைவோருள் தலித் பெண்கள் கணிசமானோர். வயலில் வேலை இல்லாத மாதங்களில் அடுப்பெரிய வைத்தது இந்த வேலைதான். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். தோப்பு சாய்ந்த அன்று தோப்புக்காரர் மரத்தை இழந்தார். கீற்று முடைபவர் ஆறேழு ஆண்டுகளின் கூலியை இழந்தார். முதல் இழப்பை எண்ண வருவாய்த் துறையும் வேளாண் துறையும் தோட்டக்கலைத் துறையும் ஆள்களை அனுப்பின. இரண்டாவது இழப்பை எழுத எந்தப் படிவத்திலும் நிரல் இல்லை. கூரை பறிபோனபின் புதுக் கீற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியவர்களும் அவர்களே.

பயிர்க் காப்பீட்டிலும் இதே முறைதான். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர அடங்கல், சிட்டா, கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று ஆகியவை கேட்கப்படுகின்றன. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே தமிழகத்தில் சட்டம் வந்தும் பெரும்பகுதிக் குத்தகை இன்றும் வாய்மொழியாகவே நடக்கிறது. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற அச்சம் உடைமையாளருக்கு. விதைத்து நட்டவர் ஒருவர், இழப்பீடு வரவாகும் வங்கிக் கணக்கு வேறொருவருடையது என்ற நிலை இதனால் வருகிறது. அறுவடைக் கூலிக்காகக் காத்திருந்தவர் இந்தக் காட்சியிலேயே இல்லை.

காப்பீடு இல்லாதவருக்கு அரசே மதிப்பீட்டாளர் என்று சொல்லலாம். நடைமுறையில் அவர் கிராம நிர்வாக அலுவலர். அவருடைய கணக்கெடுப்பு எந்தத் தெருவில் தொடங்குகிறது, யார் வீட்டுத் திண்ணையில் பட்டியல் சரிபார்க்கப்படுகிறது, சேரிக்குச் செல்லும் தாழ்வான சாலையில் தண்ணீர் வடியும் வரை அவர் காத்திருக்கிறாரா என்பவை சிறிய கேள்விகள் போலத் தோன்றும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணம் படகுக்கும் வலைக்கும் என வகுக்கப்பட்டபோது, கடலோரத்தில் கூலி வேலை செய்தும் மீன் சுமந்தும் பிழைத்த தலித்துகள் பட்டியலுக்கு வெளியே நின்றதை மனித உரிமை அமைப்புகள் எழுதின. 2015இல் கடலூர் வெள்ளத்தின்போது நேஷனல் தலித் வாட்ச் உள்ளிட்டோர் களத்துக்குச் சென்று, கணக்கெடுப்பிலும் நிவாரணத்திலும் தலித் குடியிருப்புகள் புறக்கணிக்கப்பட்டதை ஆவணப்படுத்தினர். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 61ஆம் பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தப் பிரிவை மேற்கோள் காட்டி மனு எழுதும் பழக்கம் நம்மிடமே இன்னும் வேரூன்றவில்லை.

ஆடு விடயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2015–20க்கான நிவாரண விதிகளில் ஆடு ஒன்றுக்கு 3,000 ரூபாய். ஆனால் நடைமுறையில் இறந்த உடலைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். தனிக் காப்பீடு எடுத்திருந்தால் காது வில்லையும் வேண்டும். வெள்ளம் அடித்துச்சென்ற ஆட்டின் உடலை எங்கே தேடுவது?

அளவெடுப்பவர் சேரிக்கே வருவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன. அவர்களுள் பலர் அதன்பின் பெரும்பாக்கம் போன்ற நகர விளிம்பிலுள்ள குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். வேலையும் பள்ளியும் நகரத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. ஒரே வெள்ளம், பட்டா உள்ளவர் வாசலுக்கு இழப்பீட்டுப் படிவம் வந்தது, கரையில் இருந்தவர் வாசலுக்கு அப்புறப்படுத்தும் பட்டியல் வந்தது.

ஏழைகளுக்கும் காப்பீடு வந்துவிட்டதே என்று நம் மாணவத் தோழர்கள் கேட்கக்கூடும். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கி இறந்தாலும் அது பொருந்தும். அதைச் சேரிதோறும் எடுக்கச் செய்வது நல்லது. எனினும் அது உயிர் போனாலோ உறுப்பு போனாலோதான் பேசும்.

கூலி இழப்பையே காப்பீடு செய்யும் முயற்சி ஒன்றும் உண்டு. குஜராத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம் வெப்ப அலைக்கு எதிராக அதைச் செய்துபார்த்தது. வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பணம் தானாகக் கணக்கில் சேரும். மதிப்பீட்டாளர் வரத் தேவையில்லை, ரசீது காட்டத் தேவையில்லை. 2024 கோடையில் சுமார் 50,000 பெண்கள் தலைக்கு 400 ரூபாய் அளவில் பெற்றனர். தொகை மிகச் சிறியது. தட்பவெப்பச் சீர்கேட்டின் சுமையை உழைப்பாளியின் சந்தாவே தாங்குமாறு செய்யும் ஆபத்தும் இதில் உள்ளது. ஆனாலும் உடைமை இழப்பைக் கேட்காமல் வேலைநாள் இழப்பைக் கேட்கும் அளவுகோல் சாத்தியம்தான் என்பதை அது காட்டிவிட்டது.

அந்த அளவுகோல் அரசு விதிகளிலேயே ஒரு மூலையில் கிடக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான விதிகளில் 'வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்கள்' என்ற இனம் உண்டு. கஜா காலத்தில் அது பெரியவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய் என்றிருந்தது. 2022–26க்கான விதிகளில் குடும்பத்துக்கு இரண்டு பெரியவர்களுக்கு நூறுநாள் வேலைத்திட்டக் கூலி என மாற்றப்பட்டது. இயல்பாக 30 நாள்கள், தேவையெனில் நீட்டிக்கலாம். தென்னை மீள எடுக்கும் ஆண்டுகளோடு பார்த்தால் 30 நாள் மிகச் சிறிது. ஆனால் பட்டாவையும் ரசீதையும் அடிப்படையாகக் கொள்ளாத இனம் இது. பயனாளிகளை அடையாளம் காண்பது மாநில அரசின் பொறுப்பு; எனவே கோரிக்கையும் மாநில அரசிடமே வைக்கப்பட வேண்டும்.

காப்பீட்டு மதிப்பீட்டாளரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு: சேதத்துக்கு முந்தைய நிலைக்கு அவர் சான்று கேட்கிறார். நம் குடியிருப்புகளில் அந்தச் சான்று இல்லை. கல்லூரி மாணவர் குழு ஒன்று இரண்டு நாளில் ஒரு சேரியின் வீடுகள், ஆடு மாடுகள், முடைந்து அடுக்கிய கீற்று, ஒவ்வொருவரும் எந்த மாதத்தில் எந்த வேலைக்குச் செல்கிறார், கூலி எவ்வளவு என்பவற்றைத் தேதியிட்ட படங்களுடன் எழுதிவிட முடியும். அக்டோபர் 2 கிராமசபை, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் வருகிறது. அந்தப் பட்டியலை அங்கே வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, ஒரு படியை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவைக்க வேண்டும்.