கண்ணுண்டு, காதில்லை

உதகமண்டலத்துக்கு வந்து போன நேயர்கள் சேரிங் கிராஸ் சந்தியை மறந்திருக்க மாட்டார்கள். மே மாதத்தில் அங்குள்ள ஆடம் நீரூற்றைச் சுற்றி மோட்டார் வண்டிகள் எறும்புச் சாரியாய் ஊரும். சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவினால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் ஏற்பட்டது. 2025 ஏப்ரலில், சாதாரண நாட்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 என்று வண்டிகளுக்கு வரம்பும் வந்தது. "இவ்வளவு எதற்கு? சந்திக்குச் சந்தி காமிரா வைத்து, விதி மீறுகிறவனுக்கு அபராதச் சீட்டு அனுப்பினால் ஒழுங்கு தானே வரும்" என்கிறார்கள் சிலர். "அது வசூல் யந்திரம்" என்கிறார்கள் வேறு சிலர்.

நாம் காமிராவுக்கு விரோதிகள் அல்ல. பெரிய மனிதரின் காரென்று அது சலாம் போடாது; ஏழையின் லாரியென்று அதட்டாது; சிபாரிசுக்கும் மசியாது. இந்தச் சமநோக்கு நம் தேசத்துக்கு மிகவும் வேண்டியதே.

ஆனால் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து காரட் மூட்டைகளைச் சமவெளிக்கு ஏற்றிச் செல்லும் டிரைவர் ஒருவரை நமக்குத் தெரியும். ஒரு நகரத்துச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தார். பின்னால் ஆம்புலன்ஸ் அலறவே, கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழிவிட்டார். சில நாட்களில் அபராத நோட்டீஸ் வந்தது. படத்தில் விளக்கு இருந்தது, கோடு இருந்தது, சக்கரம் இருந்தது. ஆம்புலன்ஸின் அலறல் மட்டும் இல்லை. முறையிடப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டார்.

2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தையொட்டி 2021ல் மத்திய சர்க்கார் விதிகள் வெளியிட்டது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அங்கீகாரச் சான்று வேண்டும். காமிரா இருக்குமிடத்துக்கு முன்னரே எச்சரிக்கைப் பலகை வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று அவை கூறின. யாவும் நல்லவையே. இவற்றோடு இன்னும் இரண்டு வேண்டுமென்கிறோம். நோட்டீஸ் புறப்படுமுன் விஷயம் அறிந்த ஒருவர் படத்தைப் பார்த்துத் தீர ஆலோசிக்க வேண்டும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் உள்ளவர்கள் கூலியை இழக்காமல் முறையிட வழி இருக்க வேண்டும். காமிரா சாக்ஷி சொல்லட்டும். தீர்ப்புச் சொல்ல மனிதர் வேண்டும்.

இல்லாவிட்டால், அடுத்த முறை ஆம்புலன்ஸ் அலறும்போது அந்த டிரைவர் சற்றுத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு அபராதம் கட்டப்போவது உள்ளே படுத்திருக்கும் நோயாளியல்லவா?