தராசும் எடைக்கல்லும் ஒரே கையில்

“மடியில் கனமில்லையேல் வழியில் பயமேன்?” அரசின் ஒட்டுக்கேட்பைக் குறித்து எவர் வினவினாலும் உடனே கிடைக்கும் மறுமொழி இது. திருவனந்தபுரத்தில் வாழ்வோர் இப்பழமொழியை உதிர்க்குமுன் சற்றே தயங்க வேண்டும்.

1994 நவம்பர் 30 அன்று இந்நகரில்தான் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அவர் மடியில் எக்கனமும் இருக்கவில்லை. குற்றச்சாட்டு பொய்யென்று 1996இலேயே சிபிஐ அறிக்கை அளித்தது. ஆயினும், 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2018 செப்டம்பரில்தான். ‘தேசப் பாதுகாப்பு’ என்னும் சொல் ஒரு குற்றமற்றவரின் 24 ஆண்டுகளைத் தின்றது.

ஒன்றைக் கவனியுங்கள். தாம் கைதானதை அவர் அறிந்திருந்தார். அதனால் வழக்காட முடிந்தது. கைபேசி ஒட்டுக்கேட்கப்படுபவருக்கோ அது தெரியவே தெரியாது. தெரியாத அநீதியை எதிர்த்து எந்த நீதிமன்றத்தின் படியேறுவது?

பாதுகாப்புக்கும் அந்தரங்கத்துக்கும் இடையே சமநிலை வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். பயங்கரவாதிகளைக் கண்காணிக்கவே கூடாதென்று எவரும் வாதிடவில்லை. ஆனால் தராசைப் பிடித்திருப்பவர் யார்? ஒன்றிய அரசில் ஒட்டுக்கேட்க ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர். அந்த ஆணையை மறுஆய்வு செய்வோர் அமைச்சரவைச் செயலாளரும் வேறிரு செயலாளர்களும். நீதிபதி ஒருவருமில்லை. 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளும் இவ்வமைப்பை மாற்றவில்லை.

அந்த மறுஆய்வின் இலட்சணத்தையும் பாருங்கள். மாதந்தோறும் 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிக்கப்படுவதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி பெற்ற விடை 2014இல் வெளியானது. இரு மாதங்களுக்கொருமுறை கூடும் குழுவின் முன் 15,000க்குக் குறையாத ஆணைகள்! படிப்பார்களா, கையொப்பமிடுவார்களா?

சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. 2011இல் ஒரு கையூட்டு வழக்கில் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை அது இரத்துச் செய்தது. சட்டம் கோரும் பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ அங்கில்லை. கேட்டுப் பதிந்தவை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவுமில்லை. வழக்கு என்று ஒன்று தொடரப்பட்டதாலேயே இது வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கே தொடரப்படாத மற்றையோரின் கதி என்ன?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காய் ஆகாதிருக்க மூன்று வேண்டும்: ஒட்டுக்கேட்குமுன் நீதிபதியின் அனுமதி, விசாரணை முடிந்தபின் உரியவருக்கு அறிவிப்பு, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் எண்ணிக்கை. பிரிட்டன் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நீதித்துறை ஆணையரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. அதனால் அந்நாட்டின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை.

மடியில் கனமில்லை என்று குடிமக்கள் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. மடியைத் துழாவுபவரே காரணம் கூறட்டும்.