மோசல் நதிக்கரையில் மறைக்கப்பட்ட கைகள்

ஜேர்மனியின் மோசல் நதியைப் பற்றி எழுதப் புகும் பண்பாட்டு விற்பன்னர்களுக்கு எப்போதும் ஒரே பாதைதான். ரோமர் வந்தனர், ட்ரியர் நகரில் கருங்கோபுர வாயிலை எழுப்பினர், நான்காம் நூற்றாண்டில் அவுசோனியஸ் நதியைப் பாடினான், துறவிகள் திராட்சை பயிரிட்டனர், 1787இல் ட்ரியரை ஆண்ட பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ், இழிந்த கொடிகளைக் களைந்து நல்லினம் நடுமாறு ஆணையிட்டார், உலகுக்கு ரீஸ்லிங் மது வாய்த்தது! ஆணையிட்டவரின் பெயர் நிற்கிறது. களைந்தவன் எங்கே? நட்டவள் எங்கே?

பிரெம் என்னும் ஊரை அடுத்த கல்மொண்ட் சரிவு, சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் செங்குத்தானது. அத்தகைய சரிவுகளில் மழை அரித்து இறக்கிய சிலேட்டு மண்ணை முதுகுக் கூடையில் சுமந்து மீண்டும் மேலேற்றிய மனிதரின்றி அங்கே எந்தப் பண்பாடும் இல்லை.

1815இல் அப்பிரதேசம் பிரஷ்யாவின் ஆட்சிக்குள் வந்தது. 1818ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் மோசல் மதுவுக்குப் பாதுகாப்பளித்தது. சந்தை நிச்சயம் என்று நம்பிய குடியானவன் கடன் வாங்கிக் கொடி நட்டான். பத்தாண்டு கழிவதற்குள் அதே அரசு தென் ஜேர்மன் அரசுகளோடு சுங்க ஒப்பந்தம் செய்யத் தொடங்கிற்று. 1834இல் சுங்கக் கூட்டமைப்பு நிறைவுற்றது. தெற்கின் மது வந்து குவிந்தது, விலை வீழ்ந்தது, கடன் மட்டும் வீழவில்லை. அதிகாரிகளோ குறையை இயற்கையின் மீதும் குடியானவன் மீதும் ஏற்றினர். தம் ஆணையின் விளைவைத் தம் கோப்புகளில் அவர்கள் காணவில்லை. காண்பார்களா?

இந்த அவலத்தை எழுதிய 'ரைன் பத்திரிகை'யிடம் மாகாண ஆட்சித் தலைவர் ஷாப்பர் விளக்கம் கேட்டார். 1843 ஜனவரியில் ஆசிரியரே விடையெழுதினார். அவருக்கு வயது 24. பெயர் கார்ல் மார்க்ஸ். பிறந்த ஊர் ட்ரியர். (அவருடைய தந்தையும் திராட்சைத் தோட்டத்துக்கு உரிமையாளரே, வறியவர் வீட்டுப் பிள்ளை என்று கதை கட்ட வேண்டியதில்லை.) நிருவாகம் தன்னைத் தானே விசாரித்துத் தீர்ப்பளிக்க இயலாது, அதற்குச் சுதந்திரமான பத்திரிகை வேண்டும் என்பதே அவரது வாதம். தணிக்கை எஞ்சிய பகுதிகளைத் தடுத்தது. மார்ச் 31ஆம் திகதியோடு பத்திரிகையே நின்றது.

மார்க்சின் பொருளியல் நூதனசாலை வாசிகசாலையில் பிறந்த ஏட்டுச் சுரைக்காய் என்று ஏளனம் செய்வோர் 1859இல் அவர் எழுதிய முன்னுரையைப் புரட்டிப் பார்க்கட்டும். பொருளியல் வினாக்களுக்குத் தம்மை இழுத்துச் சென்றவற்றுள் மோசல் குடியானவரின் நிலையையும் அவரே குறிப்பிடுகிறார்.

குடியானவர் வாய்மூடி இருந்தாரல்லர். 1926 பெப்ரவரி 25ஆம் திகதி பேர்ன்காஸ்டல் வரி அலுவலகத்துட் புகுந்து ஏடுகளை வீதியில் எறிந்து எரித்தனர். அவ்வாண்டே மதுவரி நீக்கப்பட்டது. ஆனால் வரியை வென்ற சினம் தானே வர்க்க உணர்வாகிவிடாது. 1930களில் நாஜிகள் அங்கே மது விழாக்களைப் பெருக்கினர். நகரங்களை மதுக் கிராமங்களுக்குப் 'புரவலர்' ஆக்கினர். அதே காலத்தில், அம்மதுவை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்ற யூத வணிகரைத் துரத்தினர். விழாவைத் 'தொன்று தொட்ட மரபு' என்று போற்றும் கைநூல்கள் இதைச் சொல்லத் தயங்குவதேன்?

இன்று அறுவடைக் காலத்தில் அச்சரிவுகளில் ஏறுவோருள் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வரும் பருவகாலக் கூலித் தொழிலாளர் பலர்.