சரம் கட்டுவோருக்கு ஒரு விண்ணப்பம்

கணினியில் எழுத்துகளின் கோவையை 'ஸ்டிரிங்' என்பார்கள். தமிழில் அதற்குச் சரம் என்று பெயர் வைத்தவர் நிலக்கோட்டைப் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஓய்வுக்குப் பின் பேரனிடம் ஜாவா படித்தேன். பல வருஷத்து நாட்குறிப்புகளை ஒன்றாகச் சேர்க்க ஒரு புரோகிராம் எழுதி, வரி வரியாகக் கூட்டல் குறி போட்டு ஒட்டினேன். கணினி திணறியது. "தாத்தா, ஒவ்வொரு பூவுக்கும் பழைய சரத்தைப் பிரிச்சுப் புது நார்ல கட்டுறீங்க" என்றான் பேரன். ஜாவாவில் ஒருமுறை கட்டிய சரத்தை மாற்ற முடியாது. ஒவ்வொரு கூட்டலுக்கும் புதுப் பிரதிதான். பத்தாயிரம் வரிக்கு ஐந்து கோடி வரி பிரதியெடுத்த கணக்கு! 2004-ல் வந்த 'ஸ்டிரிங் பில்டர்' நாரை நீளமாக விட்டுக் கட்டும். அதற்கு மாறினேன், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

என் ஆதங்கம் வேறு. 2017-ல் ஜாவா 9 ஒரு சிக்கனம் கொண்டுவந்தது. சரத்தில் லத்தீன் எழுத்துகள் மட்டும் இருந்தால் எழுத்துக்கு ஒரு பைட். தமிழ் ஒன்று நுழைந்தாலும் முழுச் சரமும் இரண்டு பைட்டாகிவிடும். பில்டரும் ஆங்கிலம்தான் வரும் என்று நம்பியே தொடங்குகிறது. தமிழைக் கண்டதும் அதுவரை கட்டியதை அகலமாக்கி மறுபடி கட்டுகிறது.

'திண்டுக்கல்' நமக்கு ஆறெழுத்து. யூனிகோடுக்குப் பதினொன்று. இணையத்தில் போகும்போது 33 பைட். குறுஞ்செய்தியில்கூட ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70.

சதி ஒன்றுமில்லை. புழங்கும் சரங்களில் பெரும்பாலானவை லத்தீன் என்று பார்த்துத்தான் செய்தார்கள். ஆனால் பார்த்தது யாருடைய சரத்தை? வேகத்தைச் சோதிக்கும் மாதிரிகளில் தமிழ்ப் பத்திகளும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஜாவாவின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் சோதனைகள் எழுதி அனுப்பலாமே! முத்து அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன்-தமிழ்' நூலகம், தமிழை எழுத்தெழுத்தாகப் பிரித்து எண்ணித் தருகிறது. அமெரிக்காக்காரன் வந்து செய்யட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

போன மாதம் ஓர் அலுவலகச் சீட்டில் என் ஊர் 'திண்டுக்கல' என்று வந்தது. பத்தாவது இடத்தில் வெட்டிவிட்டார்கள் போலும். கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் காட்டினேன்.

"ஒரு புள்ளிதானே சார்" என்றார்.