பழைய மோட்டாரும் பட்டறைத் தோழனும்

"பழைய மோட்டார் வண்டியைத் துடைத்து மினுக்கி வைத்துக் கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் விடுவது பிரபுக்களின் பொழுதுபோக்கு. அதைப்பற்றி உழைப்பாளர் ஏட்டிலே எழுதுவானேன்?" என்று தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். கேட்டவர் ஆலைத் தொழிலாளி. வாழ்நாளிலே சைக்கிளுக்கு மேல் வாகனம் வைத்துக் கொள்ளாதவர். அவருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொண்டு விடுவோம். ஐதராபாத்திலே சௌமகல்லா அரண்மனைக்குப் போனால், மஞ்சள் நிறத்திலே ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் நிற்கக் காணலாம். 1912-ஆம் ஆண்டு வண்டி, நிஜாமுக்காகக் கட்டியது. உள்ளே இருப்பது இருக்கையா? இல்லை, சிம்மாசனம்! சாலையிலே ஓடுவதற்காகவா அதைச் செய்தார்கள்? சவாரிக்கு அல்ல, சவடாலுக்கு! இப்படி வண்டி வாங்கிய சுதேச மன்னர்கள் ஒருவரா, இருவரா? குடிமகன் செருப்பில்லாமல் நடந்த காலத்திலே கோமான்கள் கொட்டகை கொட்டகையாய் மோட்டார் நிறுத்தி வைத்தார்கள். 1964-இல் டில்லியிலே 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை பழைய மோட்டார் ஊர்வலத்தைத் தொடங்கிற்று. அதுமுதல் ஊருக்கு ஊர் இத்தகைய ஊர்வலங்கள் நடக்கின்றன, கோப்பைகள் வழங்கப்படுகின்றன. கோப்பை யார் கைக்குப் போகிறது? வண்டியின் சொந்தக்காரர் கைக்கு. அந்த வண்டியை ஓட வைத்தவன் எங்கே நிற்கிறான்? கூட்டத்தின் பின்னாலே, கையிலே கந்தைத் துணியோடு.

நமது வழக்கு அங்கேதான் தொடங்குகிறது, தோழர்களே!

அரண்மனை வண்டிகளை விட்டுவிடுவோம். நம்மூர் வண்டி ஒன்றை எடுத்துக் கொள்வோம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்திலே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961-இல் அங்கே 'ஹெரால்டு' என்ற கார் வெளிவந்தது. அந்த நாளிலே இந்தியாவில் ஒரு குடும்பம் கார் வாங்க நினைத்தால் அம்பாசிடர், பியட், ஹெரால்டு - இந்த மூன்றுதான். மூன்றாவது நம் தமிழ்நாட்டுத் தொழிலாளி பூட்டிய வண்டி. 1988-இல் அந்தக் கம்பெனியில் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை போயிற்று, சங்கொலி போயிற்று. அவர்கள் முறுக்கிய போல்ட் மட்டும் இன்னும் சில வண்டிகளிலே இறுகிக் கிடக்கிறது. அந்த வண்டியை ஒருவன் பேணிக் காத்தால், அவன் காப்பது பிரபுவின் பெருமையையா, பாட்டாளியின் வேலையையா?

ஹெரால்டு வண்டிக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1959-இல் இங்கிலாந்திலே அது பிறந்த நேரம், மற்றக் கம்பெனிகள் எல்லாம் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தை ஒழித்து, உடற்கூட்டையே ஒரே பெட்டியாகப் பற்றவைக்கத் தொடங்கிவிட்டன. இந்தக் கம்பெனிக்கு உடற்கூடு அடித்துக் கொடுத்த ஆலையையோ போட்டி முதலாளி விலைக்கு வாங்கிக் கொண்டார்! வேறு வழியில்லை. பல இடங்களிலே துண்டு துண்டாகத் தகடு அடித்து, தனி அடிச்சட்டத்தின்மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். கூரையைக் கூடக் கழற்றி வைக்கலாம். முதலாளிகள் இருவர் மோதிக் கொண்டதிலே உலகத்துப் பட்டறைத் தொழிலாளிக்குக் கிடைத்த உபகாரம் என்று இதைச் சொல்ல வேண்டும்! பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, முன்விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து கொண்டு, திண்ணையிலே உட்கார்ந்து வெற்றிலை மடிப்பவரைப் போல, நிதானமாக என்ஜினைப் பார்க்கலாம்.

அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்ததை அண்மையிலே நாம் பார்த்தோம். வயது எழுபதுக்கு மேல். பக்கத்திலே எடுபிடியாக ஒரு பையன். பையன் கிரீஸ் கன்னை எடுத்துக் கொண்டு முன்சக்கரத்தண்டை குனிந்தான்.

"தம்பி, வை அதை! அங்கே கிரீஸ் அடிக்கக் கூடாது."

"ஏண்ணே? எல்லா வண்டிக்கும் அடிக்கிறதுதானே?"

"இதுக்கு எண்ணெய்தான். கெட்டி கியர் எண்ணெய். கிரீஸ் அடிச்சா உள்ளே போகாது. தண்ணி மட்டும் போகும்."

விஷயம் இதுதான். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடியிலே மரை வெட்டியிருக்கிறது. அது ட்ரன்னியன் என்னும் வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரை மேலே திரும்புவது இந்தத் தண்டுதான். எண்ணெய் இல்லாமற் போனால் துரு ஏறும், மரை தேயும், ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கி விழும். ஓடும்போது ஒடிந்தால் உயிரே போகலாம். கையளவு எண்ணெயிலே தொங்குகிறது உயிர்! இந்த ஒன்று தெரியாமல், வெளியே ஆயிரம் பாலிஷ் போட்டு என்ன பயன்?

மற்ற வேலைகளும் இப்படித்தான். டிஸ்டிரிபியூட்டர் பாயிண்டுக்கு இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதிலே 15 பங்கு; வால்வுக்கு 10 பங்கு. வண்டி முழுதும் நின்ற பிறகே முதல் கியர் போட வேண்டும். இல்லையென்றால் பற்கள் அலறும். வளைவிலே வேகம் கூடாது. இவற்றையெல்லாம் கம்ப்யூட்டர் சொல்வதில்லை. காது சொல்கிறது, விரல் சொல்கிறது. மற்றவர் சீட்டாடுகிற நேரத்தில், சம்பளத்திலே மிச்சம் பிடித்து, அப்பா வைத்துவிட்டுப் போன வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொண்டிருக்கும் குமாஸ்தாவும் பிட்டரும் இந்த நாட்டிலே உண்டு. அவர்களுடைய இன்பம் என்ன தெரியுமா? விடியற்காலையிலே, போக்குவரத்து கூடுமுன், பத்துக் கல் தொலைவு ஓட்டிவிட்டு வருவது. 25 அடி வட்டத்துக்குள்ளே திரும்பிவிடும் அந்த வண்டியைத் தெருமுனையிலே ஒரே மூச்சிலே திருப்பிக் காட்டுவது! இதைக்கூடப் பிரபுத்துவம் என்று சொன்னால், நாதசுரம் கேட்பதும் பிரபுத்துவம்தான்.

இந்த எளிய இன்பத்துக்கு இன்று வந்திருக்கும் இடையூறுகளைச் சொல்ல வேண்டும்.

2021-இல் மத்திய அரசு ஒரு விதி செய்தது. பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த, அடிப்படை மாறாத வண்டிகளைப் 'புராதன வண்டி' என்று தனியே பதியலாம். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் இவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஆகாது. நூறு வண்டி வைத்திருக்கும் சீமானுக்கு இது பெரிய வசதி. அவர் வண்டி எப்படியும் கொட்டகையிலேதான் நிற்கும். ஒரே வண்டி வைத்திருக்கும் பிட்டருக்கு? மனைவி மக்களை ஏற்றிக் கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய் வந்தால் அது கண்காட்சியா, ஆராய்ச்சியா? (மாமியார் வீட்டுப் பயணத்தை ஆராய்ச்சி என்று சொல்வாரும் உண்டு, அது வேறு கதை.)

புராதனப் பதிவு வேண்டாம், சாதாரணப் பதிவிலேயே இருப்போம் என்றால், 2022 ஏப்ரலிலே பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏற்றினார்கள். புகை கக்கும் பழைய லாரியை ஒழிக்க வேண்டும் என்றால் நாமும் கைதூக்குவோம். ஆனால் மாதத்திலே இரண்டு நாள் ஓடும் வண்டியையும், நாளெல்லாம் ஓடிப் புகை பரப்பும் வண்டியையும் ஒரே தராசிலே நிறுப்பது என்ன நீதி?

இனிப் பெட்ரோல். 2000-ஆம் ஆண்டிலே ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுதும் நிறுத்தினார்கள். நல்ல காரியம், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு அது. பழைய என்ஜினின் வால்வு சீட்டுகளுக்கு அந்த ஈயம் மெத்தை போல இருந்தது உண்மை. அதற்கு லேத் தொழிலாளி வழி கண்டான்: சிலிண்டர் ஹெட்டைக் குடைந்து, கடினமான எஃகு வளையத்தை அழுத்திப் பொருத்தினான், தீர்ந்தது. 2023 முதல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நின்றே கிடக்கும் வண்டியின் டாங்கிலே துரு. பழைய ரப்பர்க் குழாய் ஊறி வெடிக்கும். பெட்ரோல் பம்பின் டயாபிரம் கெடும். சூடான என்ஜின் மேலே பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? கரும்பு விவசாயிக்கு நன்மை என்றால் நாம் எதிர்க்கவில்லை. பழைய வண்டிக்குரிய கலப்பில்லாத பெட்ரோல் ஊருக்கு ஒரு பம்பிலாவது நியாய விலையிலே கிடைக்கட்டும் என்று கேட்கிறோம். அதுவரை, தோழர்களே, பழைய வண்டி வைத்திருப்போர் குழாய்களை இன்றே மாற்றி விடுங்கள். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு வேறு. 1972-இல் பழைய மோட்டார்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அரசு தடை போட்டது. வண்டி நாட்டை விட்டுப் போகக் கூடாது, சரி. வண்டியை வாழவைக்கும் கைவேலை நம் கண்முன்னே போகிறதே, அதற்கு யார் தடை போட்டார்கள்? டயர் மேலே உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவருக்குப் பிறகு தகடு தட்டி மட்கார்டு செய்யவும், உருக்கி ஊற்றிப் பேரிங் போடவும் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்திலே இல்லை. அவரிடம் சான்றிதழ் இல்லை, அதனால் ஐ.டி.ஐ.யிலே பாடம் சொல்ல அவரை யாரும் அழைப்பதில்லை. அழைக்க வேண்டும். மணிக் கணக்குக்குச் சம்பளம் கொடுத்து, மாணவர் பத்துப் பேரை அவர் பக்கத்திலே நிறுத்த வேண்டும். ஊர்வலம் நடத்துவோருக்கும் ஒன்று சொல்கிறோம்: வண்டியின் முன்னே வைக்கும் அட்டையிலே சொந்தக்காரர் பெயரை எழுதுகிறீர்கள், தயாரித்த ஆண்டை எழுதுகிறீர்கள், அதன் கீழே பட்டறைத் தோழனின் பெயரையும் எழுதுங்கள். மை அதிகம் செலவாகாது.

நம்மைக் கேள்வி கேட்ட ஆலைத் தோழரை அடுத்த கண்காட்சிக்கு அழைத்துப் போவதாக இருக்கிறோம். சைக்கிளிலேதான் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வரட்டும். பளபளக்கும் ஹெரால்டு ஒன்றின் அருகிலே கோப்பையோடு நிற்பவரிடம் அவர் கேட்க வேண்டிய கேள்வியையும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்: "ஐயா, ட்ரன்னியனுக்கு எண்ணெய் விடுவது யார்?"